வழிநடை 11: ரதம் போகாத நாளில் தண்ணீர்மலை

சென்ற வாரம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி போகும் தடத்தில் நடந்தோம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காவடியோடு நடந்தே ஊர் திரும்ப வேண்டும் என்பதால் அதைப்போல் இரண்டு மடங்கு. அதே நகரத்தார் கடல் தாண்டிப் போன பினாங்கில் வழி மிகச் சிறியது. பினாங்குத் தெரு கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை அடிவாரம்வரை ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனாலும் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் கிளம்பும் வெள்ளி ரதம் மலையடிவாரத்துச் செட்டியார் கோயிலைத் தொட இரவாகிவிடும். சாதாரணமாக நடந்தால் இரண்டு மணி நேரப் பாடு. மிச்ச நேரமெல்லாம் எங்கே போகிறது? ரதமும் கூட்டமும் இல்லாத புரட்டாசியில், மழை விட்ட ஒரு காலையில், தனியாகக் கிளம்பினேன்.

சூலியா தெருவின் மேற்குக் கோடியில், பினாங்கு ரோட்டுப் பக்கம் தொடங்கினேன். ரதம் இந்தப் பகுதிக்கு வருவதில்லை. வராவிட்டால் என்ன, பினாங்குத் தமிழரைப் பற்றிய பேச்சை வேறெங்கே தொடங்குவது? தொடக்கத்தில் மலபார் தெரு என்று பெயர். 1794இல் ஃபிரான்சிஸ் லைட் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் இங்கே குடியிருப்பதாகச் சொல்கிறார். அதற்கு மேல் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து, கிடைத்த வேலையைச் செய்து, நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்களாம். வருகிறவன் வர, போகிறவன் போக, தெரு மட்டும் நிலையாக நின்றிருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான்: மலிவு விலைத் தங்கும் விடுதிகள், பணம் மாற்றும் கடைகள், மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

நாசி கண்டார் கடைகள் அந்த நேரத்துக்கே திறந்திருந்தன. இந்தச் சோறு முதலில் கடைக்குள் விற்றதல்ல. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கொண்டுபோய் விற்றது. அந்தத் தண்டுக்கும் காவடித் தண்டுக்கும் தச்சு வேலையில் அதிக வித்தியாசம் இருந்திருக்காது என்று எனக்கு ஓர் எண்ணம்.

சூலியாக்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தாண்டினால், கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. சுவரை ஒட்டிச் சிறுகடைகள். கடல் கடந்தவர்கள் முதலில் நன்றி சொன்ன இடம் இது. நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொள்ளாமல் கப்பல் ஏறியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு, சாதி மதம் எதுவானாலும்.

அடுத்த தெரு பினாங்குத் தெரு. நகரத்தாரான செட்டியார்களின் கிட்டங்கிகள் இங்கேதான். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு பெட்டியடி, ஒரு சாய்வு மேசை, ஒரு இரும்புப் பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோருக்கும் மூன்று ஆண்டுக் கணக்கு. பகலில் வட்டிக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். குடும்பம் செட்டிநாட்டில், கோயில் மட்டும் கூடவே. வரவில் ஒரு பங்கை மகமையாகக் கோயிலுக்கு ஒதுக்குவது வழக்கம். தண்ணீர்மலை அடிவாரக் கோயிலை 1857இல் கட்டியவர்களும், 1894இல் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தைக் கப்பலில் இறக்கியவர்களும் இவர்கள்தான். ஊரில் பிள்ளை பிறந்தால் தண்ணீர்மலை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்க்காரர்களைச் செட்டிநாட்டில் இன்றும் பார்க்கலாம்.

இங்கிருந்து ரதத்தின் வழி. சூலியா தெருவில் கடலைப் பார்த்து இறங்கி விக்டோரியா தெருவில் திரும்பினேன். 1880களில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம் இது. ரதமும் தெருவும் கிட்டத்தட்ட ஒரே வயது. பிறகு மேகசின் ரோடு, கொம்தார் மாடிக் கட்டடம், வாகன நெரிசல். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நடைபாதை திடீர் திடீரென்று காணாமல் போய்விடும், அவ்வளவுதான்.

டத்தோ கிராமட் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. கடை முகப்பு நடைபாதையான அஞ்சடி ஒன்றில் ஒதுங்கினேன். அங்கே ஒட்டுக்கடை வைத்திருந்த பெரியவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“தண்ணீர்மலைக்கா? நடந்தா? இப்ப யாருய்யா நடக்குறா, கிராப் போட்டுப் போங்க.”

தைப்பூசத்தில் நீங்கள் நடப்பதுண்டா என்று கேட்டேன்.

“நாங்க எங்க நடக்குறது? எங்கப்பா காலத்துலேருந்து இதே எடத்துல தண்ணிப் பந்தல். ரதம் ரெண்டு நிமிஷம் நிக்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு மூணு மாசம் அலையணும்.” எதிர்க்கடையைக் கை காட்டினார். “அந்தச் சீனத் தவுக்கேயும் நடக்க மாட்டாரு. தேங்கா மட்டும் மலையாட்டம் குவிச்சு வச்சிருப்பாரு. அத்தனையும் ஒடைச்ச பிறகுதான் ரதம் நகரும்.”

காலையில் கேட்ட கணக்குக்கு விடை இதுதான். யாத்திரை என்றால் நடப்பவர்களின் விஷயம் என்று நாம் நினைக்கிறோம். பத்து வாரங்களாக நானும் நடப்பவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பினாங்கில் வழியை நீட்டுவது நிற்பவர்கள். வாசலுக்கு வாசல் அர்ச்சனைத் தட்டு, பந்தலுக்குப் பந்தல் மோர். கூட்டத்தோடு போகும்போது இந்தத் தாமதம் எரிச்சல் தரும். தனியாகப் போகும்போது, ஒருவர்கூட மறித்து நிறுத்தாத தெரு எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று தெரிகிறது. 2017 முதல் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து வேலை ஏற்றிக்கொண்டு தங்க ரதமும் போகிறது. எந்த ரதம் பெரிது என்ற சச்சரவு உள்ளூர்க்காரர்களுக்கு அலுக்காத பேச்சு. நிற்பவர்களோ இரண்டுக்கும் தேங்காய் உடைக்கிறார்கள்.

உத்தாமா ரோட்டில் மரங்களின் கீழ் நடை சுகமாக இருந்தது. கெபுன் பூங்கா ரோட்டில் செட்டியார் கோயில் நடை சாத்தியிருந்தது. உச்சிப் பொழுதில் போனால் அப்படித்தான், சீசன் இல்லாத நாளில் போகிறவர்கள் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது. தண்ணீரும் கையில் வேண்டும், பந்தல் இருக்காது.

மலைமேலிருக்கும் பாலதண்டாயுதபாணி கோயில் முதலில் இங்கே இல்லை. பூமலை அருவிப் பக்கம் இருந்தது. நகரத்துக்குக் குடிநீர் எடுக்க அந்த இடம் தேவைப்பட்டதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தது. மேலே உள்ள பெரிய கோயில் 2012இல் குடமுழுக்குக் கண்டது, 513 படிகள். தைப்பூசத்தில் படியைக் கண்ணால் பார்க்க முடியாது, தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். நான் போன நாளில் ஈரப் படிகளில் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்கும் சீன மூதாட்டி ஒருவர் மட்டும். என்னை இரண்டு முறை முந்திச் சென்றார், இரண்டாம் முறை சிரித்தார்.

அடுத்த வாரம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம். உகந்தை தாண்டினால் காடு. அந்தக் காட்டுவழியை ஆடித் திருவிழாவையொட்டித்தான் திறந்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் தனியாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் விடமாட்டார்கள்.

(தொடரும்)