கடலாட்டும் நெய்தற் சொற்பொருளும்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் வழியில் அமைந்த ஆட்டையாம்பட்டியின் அருகே ஓடும் திருமணிமுத்தாறு, சேர்வராயன் மலைச்சாரலில் தோன்றிக் காவிரியிற் கலப்பது. காவிரியோ பூம்புகாரிற் கடல் புகுகின்றது. நீர்வழி நோக்கின் அவ்வூர் புகாரின் மேல்நிலத்தூர் எனல் தகும். ஆயினும், எத்திசைக் கடற்கரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல் சாலைவழிச் செல்ல வேண்டியவர் அவ்வூரார். பருவ விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் பேருந்தேறி இராமேசுவரமும் கன்னியாகுமரியும் வேளாங்கண்ணியும் கண்டு மீள்வதே அவர்க்குக் கடலோடுள்ள உறவு. இத்தகைய உள்நாட்டூர்களிலிருந்து வந்து தமிழ் முதுகலை பயில்வோர் பலர். அவர்கள் முல்லையையும் மருதத்தையும் கண்ணாற் கண்டு கற்கின்றனர். நெய்தலை மட்டும் அகராதி வழியாகக் கற்கின்றனர். 'ஒருவகை மீன்', 'மரக்கல வேறுபாடு' எனும் அகராதிக் குறிப்புகள் அவர்க்குப் போதியனவாகத் தோன்றுகின்றன. அவை போதா என்பதையும், கடலாட்டைப் பற்றிய பகுதிகளிற் பொருள் திரிபுறுதற்கு இக்குறையே காரணமாதலையும் ஈண்டு ஆராய்வோம்.

கடலாட்டு என்பது வெறும் நீராடலன்று. கரைக்குச் செல்லுதல், மணலில் விளையாடுதல், திரையில் மூழ்குதல், மீண்டு உண்டு மகிழ்தல் ஆகிய அனைத்தும் அச்சொல்லுள் அடங்கும். யார் யாரொடு சென்றனர் என்பது முதலில் தெளிய வேண்டுவது. அகப்பாடல்களில் கானலில் ஆடுவோர் தலைவியும் அவள் ஆயமுமே. தந்தை கடல்மேற் சென்றிருப்பான், தாய் மனையிலிருப்பாள், மகளிர் உணங்கும் மீனைப் புள் கவராமற் காத்தும், சிற்றில் இழைத்தும், வண்டற்பாவை செய்தும் பொழுது போக்குவர். குடும்பம் கரையில் இல்லாமையே களவொழுக்கத்திற்கு இடந்தருவது. தாய் உடன் வந்திருப்பின் அப்பாட்டே பிறவாது. ஆகவே, குடும்பத்தொடு கூடிய கடலாட்டைக் காண விழைவோர் தொகைநூல்களை விட்டுப் பட்டினப்பாலைக்கும் சிலப்பதிகாரத்திற்கும் வருதல் வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் பரதவர் உவவு நாளில் தொழில் மடிந்து இருக்கின்றனர். சினைச்சுறவின் கோட்டை நட்டு, மனையிற் சேர்த்த தெய்வத்தை வழிபட்டு, தாழைமலர் சூடி, கள்ளுண்டு, தழையுடுத்த தம் மகளிரொடு ஆடுகின்றனர். தொழிற்குடி ஒன்றன் குடும்ப விடுமுறையைத் தமிழில் இத்துணை விளக்கமாகக் கூறும் பழம்பகுதி இதனினும் சிறந்தது வேறு உளதாக யாம் கண்டிலேம்.

இங்கு 'சுறவின் கோடு' என்பதை நின்று நோக்க வேண்டும். கடற்கரை அறியா மாணாக்கர் இதனைக் 'கொம்பு' என்று கொண்டு மான்கொம்பு போல்வதொன்றைக் கருதுகின்றனர். சிலர் முதுகுச் சிறகெனக் கூறவும் கேட்டுள்ளோம். சுறா இனத்துள் தலையிற் கொம்புடையது இல்லை. நட்டு வழிபடத்தக்க நீண்ட வன்பகுதி உடையது, இன்று கடற்கரையார் வேளா என வழங்கும் மீனே. அதன் முகம் தட்டையான நீண்ட வாளாக வளர்ந்து, இருமருங்கும் பற்கள் வரிசையுற நிற்கும். இரையை அடித்து வீழ்த்துதற்கு அவ்வாளே கருவி. விலங்கியலார் அதனைத் திருக்கை இனத்துட் சேர்ப்பர். தோற்றத்தால் சுறாவை ஒத்தலின் பரதவர் சுறவென்றனர். அன்றியும், அது முட்டையிடாது குட்டி ஈனுவது. பிறக்கும் குட்டியின் வாள் தாயைக் கிழியாதவாறு மெல்லுறை ஒன்றால் மூடப்பட்டிருக்கும். சூல்கொண்ட பெருமீனைப் பிளந்து நோக்கிய பரதவர் அவ்வியப்பை அறிந்தே இருப்பர். 'சினை' என்னும் அடை வறிதே நில்லாமல் வழிபாட்டின் காரணத்தையே சுட்டுவதாகலாம் என்பது எம் கருத்து. வேளா மீன்கள் இந்தியக் கடல்களில் இன்று மிக அருகிவிட்டன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. பொருள் மறையுமாயின் சொல்லுக்கு உரை காண்பதும் அரிதாகும்.

உவவு என்பது முழுமதி நாள். காருவாவைக் குறித்தலும் உண்டு. பட்டினப்பாலையின் பரதவர் தொழில் மடிந்ததும் அந்நாள். சிலப்பதிகாரத்தில், இந்திரவிழா முடிந்தபின் புகார் மக்கள் கடலை நோக்கித் திரண்டதும் அந்நாளே. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. நிலவொளியில் வலை மீனுக்குப் புலப்படும், பாடு குறையும். முழுமதிக் காலத்து ஏற்றவற்றமும் நீரோட்டமும் மிகும். மீனவர்க்கு ஊதியம் குன்றும் இரவே, ஊரார்க்குக் கரை ஒளிபெறும் இரவு. வலைஞர் ஓய்வும் நகரத்தார் விழாவும் ஒரே நாளிற் பொருந்தியமைக்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டா.

கடலாடு காதையில் கோவலன் அத்திரி ஊர்ந்தும் மாதவி வையம் ஏறியும் வைகறையிற் செல்கின்றனர். கரையிற் கூடியவரை இளங்கோவடிகள் பகுத்துக் கூறும் முறை கருதத்தக்கது. அரசிளங்குமரர் உரிமைச் சுற்றத்தொடு வந்தனர். வணிகரின் இளமக்களாகிய பரதகுமரர் ஆயத்தொடு வந்தனர். உரிமைச் சுற்றம் என்பது மனைவியரும் அவரைச் சார்ந்த மகளிரும் ஆவர். ஒரே கரையில் குடும்பத்தொடு வந்தவரும் குடும்பம் விடுத்து வந்தவரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். கோவலன் எவ்வகையினன் என்று அடிகள் வெளிப்படக் கூறிற்றிலர். கூற வேண்டுவதும் இல்லை.

அங்குக் கண்ட விளக்குகளோ பல. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பிட்டு வாணிகராகிய காழியர் விளக்கு, அப்பம் சுடும் கூவியர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மொழிவேறுபட்ட நாட்டினர் விளக்கு, கலங்கரை விளக்கம், திமில்மேற் பரதவர் வைத்த விளக்கு என அவை நீளும். இடித்த மாவைப் பரப்பினாற் போன்ற மணலில் வெண்சிறு கடுகு வீழினும் தெரியும் என்பர் அடிகள். கடற்கரைச் செலவில் தின்பண்டத்திற்கு இருந்த இடத்தை இப்பகுதி நன்கு காட்டுகின்றது. ஆட்டையாம்பட்டியார் தம் ஊர்க் கைமுறுக்கைப் பொதிந்துகொண்டு கடல் காணச் செல்வதைக் காழியரும் கூவியரும் கண்டிருப்பின் வாணிகம் கெட்டதென வருந்தியிருப்பர்!

இக்கரைக்கு வர மறுத்தவள் ஒருத்தியும் உளள். காவிரி கடலொடு கலக்கும் இடத்துச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுவார் கணவரொடு இன்புறுவர் எனத் தேவந்தி கூற, அது பீடன்று என்றாள் கண்ணகி. கணவனொடு செல்ல வேண்டிய துறைக்குத் தனித்துச் செல்ல அவள் ஒருப்படவில்லை. பின்னர் அவள் விண்புக்க நெடுவேள் குன்றம் திருச்செங்கோடே என அடியார்க்கு நல்லார் கொண்டனர். பிற்கால ஆய்வாளர் பலர் அதற்கு உடன்பட்டிலர். யாமும் அவ்வழக்கை ஈண்டு எடுக்கவில்லை. ஆனால், கடலை மறுத்தவளை உள்நாட்டு மலையொன்றில் நிறுத்திய அவ்வுரையாசிரியர், கொங்குநாட்டு நிரம்பையினர் எனக் கருதப்படுபவர் என்பது நினையத்தக்கது. அவருரை கானல்வரிக்குக் கிடைத்திலது. கடற்பாட்டாகிய அக்காதையை உள்நாட்டுப் பேரறிஞர் எவ்வாறு விளக்கினார் என அறியும் வாய்ப்பை இழந்தோம். இன்று அரும்பதவுரையே துணையாக உளது.

இனி, கரைவாழ் உயிர்கட்கு வருவோம். புகார்க் கரையில் ஆடுவோர் கடலாடியபின் உப்பு நீங்க ஆற்றில் மூழ்கியதையும், அலவன் ஆட்டியதையும், திரையை உழக்கியதையும், மணற்பாவை செய்ததையும் பட்டினப்பாலை கூறும். அலவன் ஆட்டல் என்பது உள்நாட்டு மாணாக்கர்க்கு விளங்குவதில்லை. அவர் அறிந்த நண்டு வயல்வரப்பின் அளையில் சேற்றொடு கிடப்பது. அதனை ஆட்டுதலில் என்ன இன்பம் என வினவுகின்றனர். ஐங்குறுநூற்று மருதத்தில் 'கள்வன்' எனத் தனிப்பத்துப் பெற்றது அவ்வயல்நண்டே. கடற்கரை மணலில் வளை தோண்டி வாழும் நண்டு வேறு. உயர்ந்த கண்களை நிமிர்த்தி நோக்கி, நிழல் பட்டவுடன் பக்கவாட்டில் காற்றெனப் பாய்ந்து வளையுட் புகும். சிறுவர் அதனை மறித்து ஓடச்செய்து களைப்பர். ஒரு மாலைப் பொழுது கரையில் நின்றவர்க்கு இத்தொடருக்கு உரை வேண்டா. அலவன் என்னும் சொல் மருதத்திலும் வருவதுண்டு. ஆதலின் சொல்லை மட்டும் நோக்காது, ஆட்டல் என்னும் வினையை நோக்கியே நண்டின் வகையைத் துணிய வேண்டும்.

அகநானூற்று 160ஆம் பாட்டு இன்னும் நுண்ணியது. குமிழிஞாழலார் நப்பசலையார் பாடிய அதில், நிறைசூல் கொண்ட யாமை அடும்பின் கொடி சிதைய மணல்மேட்டில் முட்டையிட்டு மறைத்துப் புதைக்கின்றது. தந்தத்தாற் செய்த வட்டுப் போன்றது அம்முட்டை, புலால் நாறுவது. இவை யாவும் கண்கண்டு கூறியன. இன்று பங்குனி ஆமை எனப்படும் கடலாமை, தை முதல் பங்குனி வரை தமிழகக் கீழைக்கரையில் இரவில் ஏறி, அடும்பு படர்ந்த மணலில் குழி தோண்டி, நூறளவில் உருண்டை முட்டைகளை இட்டு மூடிச் செல்கின்றது. ஏழெட்டு வாரத்திற் குஞ்சுகள் வெளிப்படும். ஆனால் அப்பாட்டு, குஞ்சு வெளிப்படுங்காறும் ஆண்யாமையாகிய 'கணவன்' முட்டையைக் காக்கும் என்கின்றது. கடலாமையில் ஆண் கரையேறுவதில்லை; பெண்ணும் முட்டையிட்டபின் திரும்பி நோக்குவதில்லை. அத்துணைக் கூர்ந்து நோக்கிய புலவர் இங்கு ஏன் பிறழ்ந்தார்? பிறழ்ச்சி என யாம் கொள்ளோம். பிரிந்து சென்ற தலைவனை எதிர்நோக்கும் தலைவியின் உலகில், முட்டையைக் காக்கும் கணவன் ஒருவன் வேண்டப்படுகின்றான். இயற்கை தந்ததையும் புலவர் வேண்டியதையும் பிரித்தறிந்தால் அன்றி உள்ளுறையின் ஆழம் புலப்படாது. பிரித்தறிதற்கோ ஆமையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கலப்பெயர்களில் நேரும் இடர்ப்பாடு வேறுவகையினது. 'திமில்' எனக் கேட்டவுடன் எம் மாணாக்கர் காளையின் முதுகையே கூறினர். சேலத்து உழவர்நிலத்தில் அச்சொற்கு அதுவே பொருள். சங்கப்பாடல்களில் எருதின் முதுகுயர்ச்சி இமில் எனப்படும். திமில் பரதவர் ஊர்வது. வளைந்த உருவினது என்னும் பொருள்படக் கொடுந்திமில் எனவும் கூறப்படும். இரு சொற்களையும் வளைவென்னும் கருத்தே இணைத்தது போலும்; துணிந்து கூறுதற்கு மேலும் சான்று வேண்டும். பரிசல் ஒன்றையே அறிந்த மேட்டுநிலத்தார்க்கு அம்பி, தோணி, பஃறி, வங்கம், நாவாய் என்பன ஒரு பொருட் பன்மொழியாகத் தோன்றும். அவை அன்ன அல்ல. வெண்ணெல்லை ஏற்றி வந்து கழியில் குதிரைகள் போலப் பிணிக்கப்பட்டு நிற்கும் பஃறி, உப்பை விற்று நெல் கொண்ட உள்நீர்க் கலம்; நாவாயும் வங்கமும் பெருங்கடல் கடப்பன. அவ்வுப்பை உமணர் சகடத்தில் ஏற்றி உள்நாடு புகுந்தனர். கடலைக் காணாத முன்னோர் நெய்தல் நிலத்தை நாவால் அறிந்தது அவ்வாறே.

இன்றும் பாக்குநீரிணைப் பக்கத்தில் வத்தை என்றும், தூத்துக்குடி, குமரிப் பகுதிகளில் வள்ளம் என்றும் வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. மரங்களைக் கயிற்றாற் பிணித்த கட்டுமரமோ, தன் பெயரை ஆங்கிலத்திற்கும் பிற மேனாட்டு மொழிகட்கும் ஈந்துவிட்டுத் தன் கரையில் அருகி வருகின்றது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர்ப் பல ஊர்களில் கண்ணாடியிழைப் படகுகள் அதன் இடத்தைப் பெற்றன. உயிர்ப்பாதுகாப்பும் விரைவும் வேண்டுவோர் அவற்றை ஏற்றமையைக் குறைகூற யார்க்கும் உரிமையில்லை. ஆயின் மரத்தின் உறுப்புகட்கும் பிணிப்புகட்கும் இருந்த பெயர்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சுகின்றன. அவற்றைத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் கடன். மீன்வளத் துறையினர் அதனைச் செய்வர் என எதிர்பார்த்தல் முறையன்று.

குடும்பத்தொடு கடல் காணச் செல்வோர்க்குக் கடலுயிர்களைக் காட்டும் முயற்சி புதிதன்று. சென்னை மெரினாவில் 1909இல் மீன்காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. அண்மைப் பல ஆண்டுகளாகச் சென்னைக் கரையில் மாணவர் இயக்கத்தினர் இரவில் ஆமைமுட்டைகளைத் தேடி நடக்கின்றனர். பெற்றோரும் சிறாரும் உடன் செல்கின்றனர். நப்பசலையார் பாட்டைக் கையிற்கொண்டு அவரொடு நடந்த தமிழ் மாணாக்கர் எத்துணையர் என வினவின் விடை நாணத்தக்கதாகவே இருக்கும். பூம்புகாரில் 1973இல் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் கண்டு, கரையை ஒரு நாழிகை நோக்கி, ஒளிப்படம் எடுத்து மீளும் கல்விச் செலவுகளே மிகுதி.

நெய்தற்றிணை பாடமாக உள்ள துறைகள் அச்செலவைப் பருவமறிந்து வகுத்தல் நன்று. கீழைக்கடலில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகட்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாளில் படகுகள் கரையில் நின்று செப்பம் பெறும், மீனவரும் கரையிலிருப்பர், வினவுவார்க்கு விடையிறுக்க நேரமும் பெறுவர். தொடக்க வாரங்களிற் சென்றால் பிந்திய ஆமைக்குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்வதையும் காணலாம். பல்கலைக்கழகக் கோடைவிடுமுறையும் ஏறத்தாழ அக்காலத்ததே. ஆட்டையாம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து குடும்பங்கள் கடல் காணப் புறப்படும் காலமும் அதுவாதலின், மாணாக்கர் தம் பெற்றோரொடு செல்லினும் வினாநிரல் ஒன்றை உடன்கொண்டு செல்லல் கூடும். கலத்தின் பெயர், அதன் உறுப்புகளின் பெயர், அன்று கரைசேர்ந்த மீன்களின் பெயர், காற்றின் பெயர் ஆகிய நான்கையும் ஓர் ஊரில் ஒரு முதியவரிடம் கேட்டெழுதினால் அது தொடக்கத்திற்குப் போதும்.