சொல்லாமல் விற்ற குறை

ஓட்டையுள்ள தோணியை மறைத்து விற்பது எளிதன்று. தண்ணீரில் இறக்கிய சிறிது நேரத்திலேயே அது தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் அளவுக்குமீறிச் சூடாகும் பழைய காரோ அப்படிப்பட்டதன்று. விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில், தெருமுனைவரை ஓட்டிப் பார்ப்பவர்க்கு அதன் நோய் புலப்படாது. பழவேற்காட்டு ஏரியையடுத்த தோணிரேவில் ஒருவர் அத்தகைய காரை வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேறுகால வலியெடுத்த மகளை ஏற்றிக்கொண்டு அவர் உச்சிவெயிலில் புறப்படும் நாளில்தான், பாதி வழியில் நீராவி எழும்பி, கார் நின்றுவிடும். விற்றவர் அன்று அருகில் இருக்கமாட்டார்.

இத்தகைய காரை விற்க நேர்ந்தால் நாம் செய்யவேண்டியது யாது? சிறிய கேள்விதான்; ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் எழக்கூடியது. பழைய வண்டியை விற்றுத்தான் மகளின் திருமணச் செலவையோ, மகனின் கல்லூரிக் கட்டணத்தையோ ஈடுகட்டவேண்டிய குடும்பத்திற்கு, விலையில் குறையும் இருபதாயிரம் ரூபாய் எளிய தொகையன்று. ஆகவே, சோதனை உண்மையானதே.

முதலில் நோயை அறிவோம். எஞ்சினில் எரிபொருள் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஒரு பகுதியே காரை ஓட்டுகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் குளிர்நீர் சுமந்து ரேடியேட்டரில் சேர்க்கிறது. அங்கே காற்றுப்பட்டு அது தணிகிறது. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டாலும், குழாய் கசிந்தாலும், தண்ணீர்ப் பம்பு தேய்ந்தாலும், விசிறி சுழலாவிடினும், நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியவாறே நின்றுவிட்டாலும், வெப்பம் வெளியேற வழியின்றிப்போகும். ஏரிக்கரை ஊர்களில் உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அரிக்கிறது. உவர்நீரை ஊற்றினால் உள்ளே துருவும் படிவும் சேர்கின்றன.

இவற்றுள் பல எளிதில் திருத்தத்தக்கவை. ஆனால் சூடேறிய நிலையிலேயே பலமுறை ஓட்டப்பட்ட எஞ்சினில் சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியிலுள்ள கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். அது பெருஞ்செலவு. எனவே விற்குமுன் நம்பத்தக்க மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, நோய் எதுவென்று கேட்டறிவதே முதற்கடமை. தெர்மோஸ்டாட் ஒன்றை மாற்றியதும் தீரக்கூடிய குறைக்கு அஞ்சிக் காரையே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் இருக்கக்கூடும்.

பெரும்பழுது என்று தெரிந்தபின் வருவதே சோதனை. கசிவை அடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றி, எச்சரிக்கை விளக்கின் கம்பியைத் துண்டித்து விற்பவர் தாம் செய்வது வஞ்சகம் என்பதை அறிவார். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் செல்வதில்லை. நாம் செய்வது இன்னும் நுட்பமானது.

"வண்டியிலே குறை ஏதும் உண்டா, அண்ணே?"

"நீயே ஓட்டிப் பாரேன், தம்பி."

இவ்விடையில் பொய் எதுவுமில்லை, உண்மையும் இல்லை. இதனைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்றும் கூறுகிறது. அதற்கு எடுத்துக்காட்டாக அச்சட்டமே ஒரு குதிரையைக் காட்டுகிறது. நோயுற்றதென்று அறிந்தும் ஒருவர் அதனை ஏலத்தில் விற்கிறார்; வாய் திறக்கவில்லை; அது மோசடியன்று. ஆனால் வாங்குபவர், அப்போதுதான் உரிய வயதையடைந்த அவருடைய சொந்த மகளாயின், அந்த உறவே உண்மையைச் சொல்லும் கடமையை அவர்மேல் சுமத்துகிறது. "நீங்கள் மறுக்காவிடில் குதிரை நலமாயிருக்கிறது என்றே கொள்வேன்" என்று வாங்குபவர் கூறியபின் விற்பவர் மௌனம் சாதித்தால், அந்த மௌனமும் பேச்சுக்குச் சமமாகிறது.

இச்சட்டம் பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதே வினாவை எழுப்பினார். அவரும் குதிரையையே எடுத்துக்காட்டினார். ஒற்றைக்கண் குதிரையின் குறை வெளிப்படையானது. விற்பவர் அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் போதும், பறைசாற்றவேண்டியதில்லை. ஆனால் குறை மறைந்திருந்து, வாங்குபவர்க்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்குமாயின், சொல்லாமல் விற்பது வஞ்சகம். நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் கடமையும் விற்றவரைச் சாரும். அறியாமல் விற்றவர் பாவம் செய்தவரல்லர். ஆயினும் குறை பின்னர்த் தெரியவரின் அவரும் ஈடுசெய்யவேண்டும் என்கிறார் அப்புனிதர். சூடாகும் எஞ்சின் எவ்வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. சட்டம் மகளுக்கு மட்டும் காட்டும் பரிவை, வாங்கவரும் ஒவ்வொருவர்க்கும் காட்டும்படி மனச்சாட்சி நம்மைப் பணிக்கிறது.

மௌனத்தால் வாங்கியவர் மட்டுமன்றி ஊரும் இழக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் ஊர்கள் சிலவற்றில் 'பாடு' என்னும் முறை உண்டு. மீன்வளம் மிகுந்த இடம் எது, குறைந்த இடம் எது என்பதை அனைவரும் அறிவர். ஆகவே முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். பழைய கார்ச் சந்தையிலோ ஒருவர் மட்டுமே அறிவார். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் இச்சந்தையையே ஆராய்ந்தார். குறையுள்ள காரை அந்நாட்டார் 'எலுமிச்சை' என்பர். எது நல்லது, எது எலுமிச்சை என வாங்குபவர் அறியாதபோது, எல்லாக் காரையும் ஐயுற்றே விலை பேசுவார். நல்ல கார் வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். முடிவில் சந்தையில் எஞ்சுபவை எலுமிச்சைகளே. 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவர் ஒருவர். ஒருவர் மறைத்த குறைக்கு, நேர்மையான அடுத்த வீட்டாரும் விலை கொடுக்கிறார் என்பதே இதன் பொருள்.

ஆகவே விற்பவர்க்கு நேரிய வழிகள் மூன்று. ஒன்று, பழுதைத் திருத்தி, பட்டறை ரசீதோடு விற்பது. இரண்டு, குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, "எஞ்சின் சூடாகும் என்று தெரிவிக்கப்பட்டது" என எழுதி இருவரும் கையொப்பமிடுவது. இது விற்பவர்க்கும் பாதுகாப்பு. மூன்று, திருத்த இயலாத காரை அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்பது. விற்றபின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்யவும் தவறலாகாது. பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

வாங்குபவரும் விழிப்பாயிருத்தல் நன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீர் துருநிறமாயிருக்கிறதா என்று நோக்குக. சூடாயிருக்கும்போது ஒருக்காலும் திறவற்க. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால்நிறக் குழம்பு படிந்திருந்தாலும், எஞ்சின் நன்கு சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை வந்தாலும் ஐயுறுக. பகல் வெயிலில் அரைமணி நேரம் ஓட்டி, பின் சிறிது நேரம் நின்றவாறே எஞ்சினை இயங்கவிட்டு, வெப்பங்காட்டும் முள்ளைக் கவனிக்க. எல்லாவற்றிற்கும் மேலாக, குறை உண்டா என்று நேருக்குநேர் கேட்க.

அவ்வாறு ஒருவர் நம்மைக் கேட்கும்போது, "ஆம் தம்பி, எஞ்சின் சூடாகிறது, அதற்காகத்தான் விலையைக் குறைத்திருக்கிறேன்" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். கையில் வரும் பணம் சற்றுக் குறையும். ஆனால் அடுத்த ஞாயிறு பூசையில், வாங்கியவரின் குடும்பத்திற்கு அருகிலேயே நாமும் கூசாமல் முழந்தாளிடலாம்.