வானொளிப்படங்களில் இணைபுள்ளிகளின் நம்பகம்

ஆளில்லாச் சிறு வானூர்தியொன்று நிலத்தின்மீது நேர்கோடுகளிற் பறந்து, ஒன்றன்மீதொன்று பெரும்பகுதி கவியுமாறு சில நூறு ஒளிப்படங்களை எடுத்துவருகின்றது. அவற்றிலிருந்து மேடுபள்ளத்தைக் கணித்தறியும் கலையை ஒளிப்பட அளவையியல் என்பர். ஒரு கல் இரு படங்களில் எங்கெங்கே விழுந்துள்ளதென்பது தெரியின், இரு கமராநிலைகளினின்றும் செல்லுங் கதிர்கள் சந்திக்குமிடமே அக்கல்லின் இடமாகும். ஆயின், முதற்படத்துக் கல்லும் இரண்டாம் படத்துக் கல்லும் ஒன்றேதானா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து டேவிட் லோ 1999 இல் வெளியிட்டு 2004 இல் விரித்தெழுதிய முறையில், ஒரு புள்ளியின் சுற்றுப்புறம் 128 எண்களாற் குறிக்கப்படுகின்றது. எண்கள் மிக நெருங்கிய புள்ளியே இணையென்று கொள்ளத் தோன்றும். லோ அவ்வாறு கொள்ளவில்லை. மிக நெருங்கியதன் தூரத்தை அடுத்ததன் தூரத்தால் வகுத்து, ஈவு 0.8 இற்கு மேற்படின் அவ்விணையைத் தள்ளினார். அவர் சோதித்த தரவுகளிற் பொய்யிணைகளில் 90 வீதம் நீங்கின. மெய்யிணைகளில் 5 வீதத்திற்குங் குறைவானவையே இழக்கப்பட்டன. இரட்டையருள் ஒருவரைச் சுட்டி ‘இவரே’ என்னுஞ் சாட்சி, மற்றவரைக் காட்டினும் அவ்வாறே கூறுவானாயின் அச்சாட்சியத்தை எந்த நீதிபதி ஏற்பார்?

எஞ்சியவற்றைக் கேத்திரகணிதம் சோதிக்கும். முதற்படத்துப் புள்ளிக்குரிய கதிர் இரண்டாம் படத்தில் ஒரு கோடாக விழும். மெய்யிணை அக்கோட்டின்மீதே இருத்தல்வேண்டும். கமராக்களின் சார்புநிலை தெரிந்தாலன்றிக் கோடு தெரியாது. நல்ல இணைகளின்றிச் சார்புநிலை தெரியாது. இச்சிக்கலை அவிழ்ப்பது பிஷ்லர், போல்ஸ் என்போர் 1981 இல் வெளியிட்ட றான்சாக் முறை. வில்லையின் இயல்பு முன்னரே தெரிந்திருப்பின், ஐந்து இணைகளை எழுமாறாக எடுத்துச் சார்புநிலையைக் கணித்து, ஏனையவற்றுள் எத்தனை உடன்படுகின்றனவென்று எண்ணுக. இதனைப் பலமுறை செய்க. இணைகளிற் பாதி மெய்யெனின், ஐந்தும் மெய்யாதற்கு நிகழ்தகவு 1/32. 146 முறை செய்யின், ஒருமுறையேனும் தூய ஐந்து கிடைக்கும் நிகழ்தகவு 99 வீதமாகும். மாணவர் மடக்கைகொண்டு இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

ஈண்டு ஒரு பொறி உண்டு. பறக்குந் திசையிலேயே ஒரேசீராக நட்ட மரவரிசையில் ஒரு மரத்தை அடுத்த மரமென மயங்கினும், அப்பொய்யிணை அதே கோட்டின்மீதே கிடக்கும். இரு படங்கள்மட்டும் அதனைக் காட்டிக்கொடா. மூன்றாம் படத்துக் கதிரும் அவ்விடத்திற் சந்திக்கின்றதா எனப் பார்த்தல்வேண்டும். அப்படம் பக்கத்துப் பறப்புக்கோட்டினின்றும் எடுத்ததாயின் மிக நன்று.

இணை மெய்யாயினும், கதிர்கள் சந்திக்குங் கோணம் சிறிதாயின் உயரம் நம்பத்தக்கதன்று. 100 மீற்றர் உயரத்தில், ஒரு பிக்சல் நிலத்தில் 3 சதமமீற்றராயும் படநிலைகளின் இடைவெளி 20 மீற்றராயும் இருப்பின், ஒரு பிக்சல் வழு உயரத்தில் 15 சதமமீற்றராகும். இடைவெளி 5 மீற்றராயின் 60.

மீளெறிவழு அரைப்பிக்சலினுங் குறைவெனக் கணினி காட்டக் கண்டு மகிழ்வார் பலர். படங்கள் தம்முள் ஒத்திருத்தலையே அது காட்டும். நேர்கீழே நோக்கிய படங்களை மாத்திரம் கொண்டால், வில்லைத்திரிபு செவ்வனே கணிக்கப்படாமையாற் சமநிலம் குவிமாடம்போற் புடைக்கக்கூடும். இதனை ஜேம்ஸ், றொப்சன் இருவரும் 2014 இல் ஆராய்ந்து, சாய்வுப்படங்கள் சிலவற்றைச் சேர்ப்பின் புடைப்புப் பெரிதுங் குறையுமெனக் காட்டினர். ஆதலின், தரையில் அளந்து ஆள்கூறு அறிந்த சில புள்ளிகளைக் கணிப்பிற் சேர்க்காது ஒதுக்கி, பின்னர் அவற்றோடு ஒப்பிட்டே முடிபை ஏற்றல்வேண்டும். அவற்றுட் சில நிலத்தின் நடுவிலும் அமைதல்வேண்டும்; ஓரங்களை மட்டும் பார்ப்பவர்க்குப் புடைப்புத் தெரியாது.