மனைவி தவித்தும் நெப்போலியனை விட்டுப் பிரியாத தளபதி!

1815, ஜூலை 31. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே 'பெல்லரோஃபன்' போர்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. வாட்டர்லூவில் தோற்று, சரணடைந்த நெப்போலியன் அதில் இருக்கிறார். 'இங்கிலாந்தில் இறங்க அனுமதி இல்லை. செயின்ட் ஹெலினா தீவுக்குத்தான் போக வேண்டும்' என்று உத்தரவு வருகிறது.

அதைக் கேட்ட ஒரு பெண், கேபின் ஜன்னல் வழியாகக் கடலில் குதிக்கப் பாய்ந்தார். நல்லவேளை, பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள்.

அவர் பெயர் ஃபானி. கணவர் ஜெனரல் ஆன்ரி பெர்த்ரான். பேரரசர் எங்கே போனாலும் கணவரும் கிளம்பிவிடுவார் என்பது ஃபானிக்குத் தெரியும். முந்தைய ஆண்டு எல்பா தீவுக்கு நாடு கடத்தப்பட்டபோதும் அப்படித்தான் நடந்தது.

பெர்த்ரான் அடிப்படையில் ஒரு இன்ஜினீயர். 1809-ல் ஆஸ்திரியாவோடு நடந்த போரில், டான்யூப் நதியின் வெள்ளம் பிரெஞ்சுப் படையின் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. அதே நதியில் உறுதியான பாலங்களைக் கட்டி, வாக்ரம் வெற்றிக்கு வழிசெய்தவர் இவர். 1813-ல் அரண்மனை நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பும் தேடி வந்தது.

செயின்ட் ஹெலினாவில் அரண்மனை ஏது? ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி, அட்லான்டிக் நடுவில் இருக்கும் தீவு அது. மூன்று குழந்தைகளோடு பெர்த்ரான் தம்பதி அங்கே போனார்கள். நான்காவது மகன் ஆர்தர் 1817-ல் அங்கேயே பிறந்தான். இதற்கிடையே, பிரான்ஸில் பெர்த்ரான் இல்லாமலேயே விசாரணை நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். ஊர் திரும்பும் வழியும் அடைபட்டது!

இவ்வளவுக்கும் பிறகு பேரரசர் அவரைக் கொண்டாடினாரா என்றால், அதுதான் இல்லை. பெர்த்ரான் குடும்பம் தனி வீட்டில் வசித்தது நெப்போலியனுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளின் படிப்புக்காக ஐரோப்பா திரும்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது கோபம் இன்னும் கூடியது. கடைசி மாதங்களில் ஃபானியைப் பற்றி மிகத் தரக்குறைவாகவும் பேசினார். அந்த வார்த்தைகளைக்கூட மறைக்காமல் டைரியில் குறித்துவைத்தார் பெர்த்ரான். எந்தக் கணவருக்கும் எழுதக் கை நடுங்கும் வரிகள் அவை. உயிலிலும் வித்தியாசம் தெரிந்தது. மோந்தோலோன் என்ற இன்னொரு அதிகாரிக்கு 20 லட்சம் பிராங்க். பெர்த்ரானுக்கு 5 லட்சம்.

ஆனாலும், 1821 மே 5 அன்று நெப்போலியன் உயிர் பிரிந்தபோது பெர்த்ரான் அருகில்தான் இருந்தார். பிறகு தண்டனை ரத்தாகி, நாடு திரும்பினார். ஃபானி 1836-ல் இறந்துபோனார்.

1840-ல் நெப்போலியனின் உடலை பிரான்ஸுக்குக் கொண்டுவர ஒரு கப்பல் புறப்பட்டது. 67 வயது பெர்த்ரான் அதில் ஏறினார். கூடவே, அந்தத் தீவில் பிறந்த மகன் ஆர்தரும். பாரிஸின் இன்வாலிட் தேவாலயத்தில், பேரரசரின் வாளை சவப்பெட்டி மீது வைக்கும் பொறுப்பு பெர்த்ரானிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. 1844-ல் அவர் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, அவர் உடலும் அதே இன்வாலிடுக்கு, நெப்போலியன் கல்லறையின் வாசலருகே கொண்டுவரப்பட்டது.