நடந்ததைச் சொல்லாமலும் ஆறலாம்: பெண்களுக்கான குழு உளச்சிகிச்சை எப்படி நடக்கிறது?

ரெக்கோடரை மேசையில் வைத்ததும் சில பெண்கள் கேட்பார்கள், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று. இடம்பெயர்விலிருந்தா, முள்ளிவாய்க்காலிலிருந்தா, முகாமிலிருந்தா? எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி, பிறகு காணாமல்போனோர் அலுவலகம். இடையிடையே தொண்டு நிறுவனங்கள், ஆய்வாளர்கள், என்னைப்போன்ற ஊடகவியலாளர்கள். வந்தவர்கள் எல்லோரும் நடந்ததைக் கேட்டார்கள். சொல்லி முடித்த அன்றிரவு அந்தப் பெண் நித்திரை கொண்டாரா என்று கேட்டவர்கள் குறைவு. தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில் நானும் கேட்டதில்லை.

எனவே ‘குழு உளச்சிகிச்சை’ என்றதும் எங்கள் பெண்கள் பின்வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் வட்டமாக இருந்து, ஒருவர் மாறி ஒருவர் நடந்ததைச் சொல்லி அழும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காக நடத்தப்படும் குழுக்கள் பலவற்றில் நிலைமை நேர்மாறானது. நடந்ததை விபரமாகச் சொல்லும்படி அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஆரம்பத்தில் சொல்லவே வேண்டாம் என்றுகூடத் தடுப்பார்கள்.

நான் இங்கே பேச விரும்புவது ஒரு குறிப்பிட்ட காயத்தைப் பற்றி. ஷெல் தந்த காயத்துக்கு எங்களிடம் பெயர் இருக்கிறது, நினைவு நாள் இருக்கிறது, சேர்ந்து அழ ஊர் இருக்கிறது. கணவர், உறவினர், வேலை தந்தவர் என்று நன்கு தெரிந்த ஒருவர் தந்த காயத்துக்கு இவை எதுவும் இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, துணைவரோடு வாழும் அல்லது வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணைவரிடமிருந்தே உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார். வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் காயம் பல பெண்களுக்குப் போரின் காயத்தின் மேல் விழுந்தது. முதலாவதைப் பற்றிப் பேசலாம். இரண்டாவதைப் பேசினால் ‘குடும்ப மானம்’ குறுக்கே வந்துவிடும்.

பேச முடியாத காயம் உள்ளுக்குள் ஒரு தீர்ப்பாக மாறிவிடுகிறது. பிழை என்னுடையதுதான், நான் அழுக்கானவள், பிள்ளைகளுக்கு நான் பாரம், நான் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பல பெண்களிடம் இந்தப் பாதையால்தான் வருகிறது. இதைத் தனியறையில் ஒரு வைத்தியர் ‘உங்களில் பிழையில்லை’ என்று நூறு தடவை சொன்னாலும் மனம் இலகுவில் ஏற்காது. படித்தவர், சம்பளத்துக்குச் சொல்கிறார் என்று அதைத் தள்ளிவிடலாம். அதே காயமுள்ள இன்னொரு பெண் எதிரில் இருக்கும்போது அப்படித் தள்ள முடிவதில்லை. குழுச் சிகிச்சை பற்றி எழுதிய அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலொம், குழுவில் மனிதர்களை மாற்றும் காரணிகளில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்: எனக்கு மட்டும் இது நடக்கவில்லை என்று கண்டுகொள்வது.

கொங்கோவில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நிலைமைக்கு மிகக் கிட்ட இருக்கிறது. நீண்ட போர் நடந்த கிழக்குக் கொங்கோவின் 15 கிராமங்களில், பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களிடையே ஒரு சிகிச்சை முறை பரீட்சிக்கப்பட்டு, முடிவுகள் 2013இல் ‘நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ சஞ்சிகையில் வெளிவந்தன. 7 கிராமங்களில் 157 பெண்களுக்குக் குழுச் சிகிச்சை. 8 கிராமங்களில் 248 பெண்களுக்கு, தேவைப்படும்போது தனித்தனியான ஆதரவு. ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பெண்கள். முதலில் ஒரு தனிச் சந்திப்பு, பின்னர் 11 குழு அமர்வுகள். நடத்தியவர்கள் உளமருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற, தொடர்ந்து மேற்பார்வை செய்யப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். பங்குபற்றியவர்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதால் பாடங்களை மனதில் பதியும்படி எளிமையாக்கியிருந்தார்கள்.

அந்த அமர்வுகளில் பலாத்காரத்தின் விபரத்தைச் சொல்லும் பகுதியே இல்லை. பேசப்பட்டது அதன் பின்னர் மனதில் தங்கிப்போன எண்ணங்களைப் பற்றி. ‘அன்றைக்கு நான் அந்த வழியால் போகாமல் விட்டிருக்க வேண்டும்’ என்பது போன்ற ஓர் எண்ணத்தை எடுத்து, அது எந்த உணர்வைக் கொண்டுவருகிறது, அதற்கு ஆதாரம் என்ன, வேறு விதமாகவும் பார்க்கலாமா என்று ஆராய்வார்கள். இதில் குழுவின் பலம் தெரியும். பக்கத்தில் இருப்பவள் தன்னைக் குற்றம் சொல்லும்போது, ‘உன்னில் என்ன பிழை?’ என்று கேட்கத் தோன்றும். கேட்டு முடிந்ததும், அதே பழியைத் தானும் தன் தலையில் வைத்திருப்பது உறைக்கும்.

ஆரம்பத்தில் குழுச் சிகிச்சைப் பெண்களில் 71 வீதமானோருக்கு மனச்சோர்வோ பதகளிப்போ இருக்கக்கூடிய நிலை காணப்பட்டது. சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களின் பின் அது 9 வீதம். தனி ஆதரவு பெற்றவர்களிடம் 83 வீதம், 42 வீதமாகக் குறைந்தது. தனி ஆதரவும் வீணல்ல என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன.

எல்லாக் குழுவும் ஒரே மாதிரியானதல்ல. அமெரிக்க உளமருத்துவர் ஜுடித் ஹேர்மன் 1992இல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் கொள்ளல், கடைசியாக வாழ்வோடு மீண்டும் இணைதல். வரிசை முக்கியம். அடிக்கும் கணவரோடு இன்னும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெண்ணை, அல்லது சாக வேண்டும் என்ற எண்ணம் நாளாந்தம் வந்துபோகும் பெண்ணை, நேரடியாக நினைவுகூரும் குழுவுக்குக் கொண்டுபோவது ஆபத்து. நல்ல நோக்கத்தோடு வந்த சில திட்டங்கள் இந்த இடத்தில்தான் பிழைவிட்டன என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் செயலமர்வில் எல்லாவற்றையும் கிளறிவிட்டு, பின்னேரம் தேநீரும் கேக்கும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் இரவை அந்தப் பெண் தனியே கடக்க வேண்டும்.

முதற்கட்டக் குழுக்களில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது கைத்தொழில் மாதிரியான விடயங்கள். திரும்பத் திரும்பத் தனக்குத்தானே தீங்கு செய்யும் பெண்களுக்காக உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய முறையில், வாரம் ஒரு தனிச் சந்திப்பும் வாரம் ஒரு குழு வகுப்பும் உண்டு. கடும் உணர்ச்சி ஏறும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து உடலைத் தணிப்பது, அலை ஏறி இறங்கும்வரை முடிவெடுக்காமல் இருப்பது, சண்டையில்லாமல் ‘இல்லை’ என்று சொல்வது எல்லாம் அங்கே பாடங்கள். தீங்கு செய்துகொண்ட விபரங்களைக் குழுவில் ஒருவரோடொருவர் பகிரக்கூடாது என்பது அங்கே விதி. ஒருவரின் விபரம் இன்னொருவருக்குப் பொறியாகலாம்.

இதோடு ஒரு பாதுகாப்புத் திட்டத்தையும் எழுதுவார்கள். கொப்பித் தாள் ஒன்று போதும். எண்ணம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, போய் இருக்கக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய ஆட்கள், வைத்தியசாலை இலக்கம், வீட்டில் ஆபத்தானவற்றை யாரிடம் கொடுத்து வைப்பது. ‘கோயில் வீதி, மச்சாள் வீடு’ என்று உண்மையான இடங்களை எழுத வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பொதுவான அறிவுரை உதவாது.

எங்கள் ஊர்களில் இதற்குள்ள பெரிய தடை இரகசியம். கிராமத்தில் யார் எங்கே போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். குழுவில் இருப்பவர் மாமியாரின் சொந்தமாகவும் இருக்கலாம். இதனால்தான் பக்கத்துப் பிரிவில் நடக்கும் குழுவுக்குப் போவதும், தையல் வகுப்பு போன்ற ஒரு பெயரில் கூடுவதும் சில இடங்களில் வசதியாக இருக்கிறது. அடுத்த தடை பஸ் காசு. சிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளி ஒருவர், வைத்தியசாலைக்கு வரப் பயணக் காசில்லாத நிலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே அவர் சிகிச்சையை ஊர்ப் பாட்டிமாரிடமும் மர வாங்குகளுக்கும் கொண்டுபோனார். அங்கே தனியாகப் பேசி முடித்த பெண்கள் பின்னர் குழுவாகக் கூடி, பை பின்னிக்கொண்டே கதைக்கிறார்கள்.

இன்னொரு பயம் பொலிஸ். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் குற்றமாக இருந்தது உண்மை. 1998இல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இந்த எண்ணம் வருகிறது என்று வைத்தியரிடம் சொல்வதால் யாரும் வழக்குப் போட முடியாது.

எண்ணம் இப்போதே வலுவாக இருந்தால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். வன்முறை நடக்கும் வீடானால் பெண்களுக்கான இலக்கம் 1938. பல அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. வேறு நோய்க்கு வந்தவர் போலவே அங்கே போய் வரலாம்.

குழுவொன்றில் சேரும்படி யாராவது அழைத்தால், நடத்துபவரிடம் சிலவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் பேசாமல் இருக்கலாமா? பாதியில் எழும்பிப் போகலாமா? இங்கே பேசுவதை யார் எழுதி எங்கே அனுப்புகிறார்கள்? எத்தனை வாரம் நடக்கும், நிதி முடிந்தால் எங்களை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? இரவில் தாங்க முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் சேராமல் விடலாம். பதில் வந்தால், குழு முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.