மழுங்கிய முனைத் தோட்டா

கல்வராயன் மலையில் உரிமமின்றி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையினர் கைப்பற்றிய செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். குழலின் வாய் வழியாகவே மருந்தையும் ஈய ரவையையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகை அது. ஒருமுறை சுட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வரும் மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "சார், கௌபாய் படத்தில் பிடியை ஆட்டி ஆட்டி வரிசையாகச் சுடுகிறார்களே, அத்தனை தோட்டாவும் எங்கே இருக்கிறது?"

நல்ல கேள்வி. 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். சுடும் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதில் ரயில் பெட்டிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்கோடியிலுள்ள சுருள்வில் அவற்றைப் பின்னே தள்ளிக்கொண்டிருக்கும். நெம்புகோலை ஆட்டினால் வெற்றுக்கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா மேலேறும்.

இங்கேதான் ஆபத்து. தோட்டாவின் அடிப்பாகத்தின் நடுவே, தட்டினால் தீப்பற்றும் கேப்பு இருக்கிறது. குழாயினுள் ஒரு தோட்டாவின் முனை, முன்னால் உள்ளதன் கேப்பின் மேலேயே பதிந்திருக்கும்!

வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து வெடுக்கென்று கிளம்பினால் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வதில்லையா? சுடும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தோட்டாக்களோ நிலைமத்தால் அங்கேயே நிற்கப் பார்த்துச் சுருள்வில்லை அமுக்குகின்றன. வில் திருப்பித் தள்ளும்போது ஒன்றன் முதுகில் ஒன்று இடிக்கிறது. முனை 1 மி.மீ. அகலம் எனில் அதுவே ஊசியாகிக் கேப்பை வெடிக்கச் செய்யலாம். 5 மி.மீ. தட்டை முனையானால் பரப்பு 25 மடங்கு. அதே விசைக்கு அழுத்தம் 25இல் ஒரு பங்கு. இது வெறும் கணக்கன்று. சுடுபவரின் இடக்கை பற்றியிருப்பது அந்தக் குழாயைத்தான்.

கூர்முனைத் தோட்டா காற்றைக் கிழித்துத் தொலைவு செல்லும் என்பது உண்மையே. அதற்கு ஏற்றபடி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வின்செஸ்டரின் 1895ஆம் ஆண்டு வகையில் வந்தது.

அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஒரு சங்கம் இப்பழந்துப்பாக்கிகளுக்கென்றே போட்டி நடத்துகிறது. இலக்குகள் அருகில் நிற்கும் எஃகுத் தகடுகள். சிதறல் திரும்பிவந்து தாக்காதிருக்க, உறையில்லாத ஈயக் குண்டுதான் அனுமதி. வேகமும் விநாடிக்குச் சுமார் 427 மீட்டரைத் தாண்டக் கூடாது. தோட்டாவின் நீளத்திலும் கவனம் தேவை. 1873 வகையில் தோட்டாவைத் தூக்கும் பகுதி குறிப்பிட்ட நீளத்துக்கே அமைந்தது. குட்டையான தோட்டா போட்டால் அடுத்தது உள்ளே தலைநீட்டி, பொறி சிக்கிக்கொள்ளும்.

நம் நாட்டில் மாணவர்கள் பழகுவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இதில்தான். அதன் 4.5 மி.மீ. ஈய ரவைக்கும் முனை தட்டையே! ஆனால் இதில் கேப்பும் இல்லை, குழாயும் இல்லை. தட்டை முனை தாளில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை வெட்டும். கூர்முனை தாளைக் கிழித்துவிடும். நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. ஓட்டையின் விளிம்பு பிசிறினால் புள்ளி எத்தனை என்று எப்படி அளப்பது?