நாளுக்கொரு பாட்டு: ஏழாம் நாள்



திங்கள் தொடக்கம் சனி வரை, நாளுக்கொன்றாக எனக்குப் பிடித்த ஆறு புளூஸ், ரொக் பாடல்களை வானொலியில் அறிமுகம் செய்தேன். அவற்றைச் சுருக்கி இப்பத்தியில் தருகிறேன். அதற்கு முன்னர் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருதமுனையிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "தம்பி, நம்மட மண்ணில கவி இரிக்கக்குள்ள, அமெரிக்காக்காரன்ட இரைச்சல் நமக்கு என்னத்துக்கு?"

கேள்வி நியாயமானது. கவியென்று அவர் சொல்வது, கிழக்கிலங்கை முஸ்லிம்கள் வயலிலும் காவற் பரணிலும், நெல் குற்றும்போதும், பன்பாய் இழைக்கும்போதும் பாடிய நாட்டுப்பாடல்களைத்தான். நான் அந்தக் கவிக்கு எதிராக இந்தப் பாடல்களை நிறுத்தவில்லை. அமெரிக்காவைச் சுற்றிவந்துதான் எங்கள் வீட்டுக் கவியின் பெறுமதி எனக்கு விளங்கியது. அது எப்படியென்று இந்த ஆறு நாட்களும் சொல்லும்.

முதலில் புளூஸ் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் நீலநிறத்தைக் குறிக்கும் சொல்லுக்கு மனத்துயரம் என்றும் பொருளுண்டு. 1865இல் சட்டப்படி விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களிலும் சிறைகளிலும் ரயில்பாதை வேலைகளிலும் வளர்த்தெடுத்த பாட்டு அது. அமைப்பு மிக எளியது. பன்னிரண்டு தாள அலகுகள், மூன்று அடிகள். முதலடியில் துயரத்தைச் சொல்வார்கள். இரண்டாமடியில் அதையே திருப்பிச் சொல்வார்கள். மூன்றாமடியில் அதற்கொரு பதில் வரும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரல் ஓய, கித்தார் மறுமொழி சொல்லும். ஒரே துயரை ஏன் இருமுறை சொல்ல வேண்டும்? முதல் முறை மற்றவர்களுக்காக, இரண்டாம் முறை தனக்காக என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பெஸி ஸ்மித் பாடிய 'பக்வோட்டர் புளூஸ்'. வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு பெண்ணின் பாட்டு. 1927 பெப்ரவரியில் ஒலிப்பதிவானது. பியானோ வாசித்தவர் ஜேம்ஸ் பி. ஜோன்சன். இப்பாட்டு வெளிவந்த அதே ஆண்டு ஏப்ரலில் மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். பாட்டு அந்த வெள்ளத்துக்கு முன்னரே பிறந்தது. ஆயினும் மக்கள் அதைத் தங்கள் வெள்ளத்தின் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியையும் கண்ட எங்கள் கரைக்கு இது புதுமையல்ல. யாரோ எங்கோ பாடியது, ஒருநாள் எங்களுக்காகவே பாடியதாகிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை சொற்களே இல்லாத ஒரு பாட்டு. பிளைன்ட் வில்லி ஜோன்சன் 1927 டிசம்பரில் டலஸ் நகரில் பதிந்த 'இரவு இருண்டிருந்தது, நிலம் குளிர்ந்திருந்தது' என்ற பொருள்படும் தலைப்புக் கொண்டது. தலைப்பு ஒரு பழைய கிறிஸ்தவப் பாடலிலிருந்து வந்தது. பாட்டில் முனகலும் கித்தாரின் இழுப்பும் மாத்திரமே உண்டு. சிறு வயதிலேயே பார்வையிழந்த அவர் தெருவோரங்களில் பாடியவர். 1945இல் வறுமையில் இறந்தார். 1977இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட இரு வொயேஜர் கலங்களில், மனித குலத்தின் குரலாக வைக்கப்பட்ட தங்க இசைத்தட்டில் இந்த முனகலும் இருக்கிறது. மொழி தெரியாமல் எப்படிக் கேட்பது என்று கேட்பவர்கள் இப்பாட்டிலிருந்து தொடங்கலாம்.

புதன்கிழமை மடி வோட்டர்ஸ். 1941இல் அலன் லோமக்ஸ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பாரமான பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு மிஸிஸிப்பியின் ஸ்ரோவல் தோட்டத்துக்குப் போனார். அங்கே ஓர் இளம் தொழிலாளியைப் பாடவைத்துப் பதிந்தார். தன் குரலைத் தட்டில் கேட்டபோதுதான் தன்னால் பாடமுடியும் என்ற நம்பிக்கை வந்ததாக அத்தொழிலாளி பின்னாளில் சொன்னார். 1943இல் அவர் சிக்காகோவுக்குப் புறப்பட்டார். நகரத்து இரைச்சலில் சாதாரண கித்தார் எடுபடவில்லை. மின் கித்தாரைக் கையிலெடுத்தார். 1950இல் அவர் பாடிய 'ரோலின் ஸ்டோன்' என்ற பாட்டிலிருந்துதான் 1962இல் இலண்டன் இளைஞர்கள் சிலர் தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ரொக் இசை வேறெங்கிருந்தோ குதித்ததல்ல. பெரும்பகுதி இந்த வாய்க்காலால் ஓடிவந்தது.

தன் குரலைத் தானே கேட்பது என்றதும் எனக்கு என் மூத்தம்மாவின் நினைவு வரும். 1986இல் மாமா சவூதியிலிருந்து ஒரு கஸற் றெக்கோடர் கொண்டுவந்தார். பாய் இழைத்துக்கொண்டிருந்த மூத்தம்மாவைக் கவி சொல்லச் சொல்லி நான் பதிந்தேன். அவர் வெட்கப்பட்டு, பிறகு தன்னை மறந்து அரைமணி நேரம் பாடினார். திருப்பிப் போட்டுக் காட்டியபோது முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதென்ன புள்ள, என்ட கொரலா இது? ஆரோ கிழவிர கொரல் மாதிரி இரிக்கி" என்றார். ஆனால் இன்னொருமுறை போடச் சொன்னார்.

வியாழக்கிழமை மீண்டும் வெள்ளம். 1927 வெள்ளத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் அணைக்கட்டில் மண்மூட்டை அடுக்க வைத்தார்கள். அந்த நினைவோடு 1929இல் கன்சஸ் ஜோ மக்கோய், மெம்பிஸ் மினி தம்பதியர் பதிந்த பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்'. அணை உடைந்தால் என்ன செய்வோம் என்பதே அதன் பொருள். கணவர் பாட, மனைவியும் கித்தார் வாசித்தார். 1971இல் இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழு தம் நான்காவது தொகுப்பில் அதை வேறோர் உருவத்தில் தந்தது. பழைய மாளிகையொன்றின் மாடிப்படிக் கூடத்தில் ஜோன் பொன்ஹம் மேளம் அடிக்க, மேலிருந்து ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அதனால்தான் அந்த மேளம் ஒரு கட்டடமே அதிர்வதுபோல் ஒலிக்கிறது. கறுப்பினத்தவரின் பாடல்களை எடுத்துப் பெயர் சொல்லாமல் விட்டதாக இக்குழுமீது பல குற்றச்சாட்டுகள் உண்டு. இந்தப் பாட்டில் மட்டும் மெம்பிஸ் மினியின் பெயரும் ஆக்கியோர் வரிசையில் இருக்கிறது. பெயர் இருப்பதும் இல்லாததும் சிறிய விடயமல்ல.

வெள்ளிக்கிழமை மாலி நாட்டின் அலி பர்கா தூரே. நைஜர் ஆற்றங்கரையில் நியாபுங்கே என்ற ஊரில் வாழ்ந்த முஸ்லிம் விவசாயி. பிற்காலத்தில் அவ்வூரின் மேயருமானார். 1994இல் ரை கூடருடன் சேர்ந்து வெளியிட்ட 'டோக்கிங் திம்பக்து' தொகுப்புக் கிராமி விருது பெற்றது. அமெரிக்க புளூஸ் கலைஞர் ஜோன் லீ ஹூக்கரின் பாட்டை முதன்முதலில் கேட்டபோது அதைத் தன் நாட்டு இசையென்றே நினைத்ததாக அவர் கூறியிருக்கிறார்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் மேற்கு ஆபிரிக்க முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். 1740இல் தென் கரோலினாவின் சட்டம் அடிமைகள் மேளம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. குரலுக்கும் நரம்பு வாத்தியத்துக்கும் அப்படியொரு தடை வரவில்லை. சில்வியான் டியூப் என்ற வரலாற்றாய்வாளர், மிஸிஸிப்பிச் சிறையொன்றில் 1940களில் பதிவான தொழிற்பாடலொன்றின் இழுப்பையும் பாங்கோசையின் இழுப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். ஒரு சொல்லை நீட்டி, அதற்குள்ளேயே பல சுரங்களில் ஏறி இறங்கும் முறை இரண்டிலும் உண்டு. எல்லா ஆய்வாளரும் இதை ஒரே அளவில் ஏற்றுக்கொண்டாரில்லை. ஆனால் நாளைக்கு ஐந்து தடவை பாங்கு கேட்கும் ஊரிலிருந்து அந்தச் சிறைப்பாட்டைக் கேட்பவருக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

கவியிலும் அந்த இழுப்பு உண்டு. பெரும்பாலும் நான்கு சிறு அடிகள். முன்னடிகளில் ஒரு தென்னையோ, குருவியோ, வயல் வரம்போ வரும். பின்னடிகளில் நெஞ்சிலிருப்பது வரும். மச்சானுக்கும் மச்சிக்கும் நேரில் சொல்ல முடியாததைக் கவி சொல்லும். புளூஸ் பாடகியும் காதலன் கைவிட்டானென்று பாடுவதுபோலத் தோட்ட முதலாளியையும் சேர்த்தே ஏசிவிடுவாள். வாய் திறந்து பேச இடமில்லாதவர்களுக்குப் பாட்டு ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நின்று எதையும் சொல்லலாம்.

சனிக்கிழமை ஜனிஸ் ஜொப்ளின். 1967 ஜூனில் மொன்டரே விழாவில் அவர் பாடி உலகறிந்த 'போல் அன்ட் செயின்', பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பெண்ணின் ஆக்கம். ஆனால் நான் சொல்ல விரும்பியது வேறு. திங்கட்கிழமை கேட்ட பெஸி ஸ்மித் 1937இல் கார் விபத்தில் இறந்தார். பிலடெல்பியாவுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர்வலத்தில் வந்தார்கள். ஆனால் கப்றடிக்கு ஒரு மீஸான் கட்டைகூட இல்லாமல் முப்பத்துமூன்று ஆண்டுகள் கிடந்தது அந்த இடம். 1970 ஓகஸ்டில்தான் ஜொப்ளினும், சிறுமியாக பெஸியின் வீட்டில் வேலைசெய்த ஜுவனிற்றா கிறீன் என்ற பெண்மணியும் பணம் கொடுத்துக் கல் நாட்டுவித்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஜொப்ளினும் இருபத்தேழு வயதில் இறந்துபோனார்.

பெஸிக்குக் கல் பிந்தியே வந்தது. ஆனால் குரல் தட்டில் இருந்தது. கல்லில்லாத அத்தனை வருடமும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஜொப்ளின் பாட வந்தார்.

இனி ஏழாம் நாள். மருதமுனைப் பெரியவருக்கு நான் கொடுக்க வேண்டிய பாட்டு ஏழாம் நாளில் வந்திருக்க வேண்டும். என் மூத்தம்மாவின் கவி. அது என்னிடம் இல்லை.

வீடு கல்முனைக்குடியில், கடலுக்குக் கிட்ட இருந்தது. 2004இல் கஸற் பெட்டியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி நான் தப்பிக்கலாம். பலருக்கு அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். உண்மை அதுவல்ல. 1989இல் ஒரு நண்பர் கொழும்பிலிருந்து லெட் செப்பலினின் நான்காவது தொகுப்பை இரவல் கொண்டுவந்தார். ஒரே இரவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெற்றுக் கஸற் கைவசமில்லை. மூத்தம்மா வீட்டில்தானே இருக்கிறார், இன்னொருநாள் பதியலாமென்று நினைத்து அவருடைய கவியின்மேல் அதைப் பதிந்தேன். எஞ்சிய இடத்தையும் வேறு பாட்டுக்களால் நிரப்பினேன். கடைசியில் சில விநாடிகள் மட்டும் மிஞ்சின. அதில் ஓர் இருமலும், பாதி அடியும் இருந்தன. மறுவருடம் மூத்தம்மா மௌத்தாகிவிட்டார். கடல் எடுத்தது அந்தப் பாதி அடியைத்தான். மற்றதை எடுத்தது நான்.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் எங்கள் கவிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியிருக்கிறார்கள். அந்தத் தொண்டுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மூத்தம்மா பாடிய கவிகள் சிலவற்றையும் அத்தகைய தொகுப்புக்களில் படித்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அச்சில் சொல் நிற்கும், இழுப்பு நிற்காது. மூன்றாமடியில் மூச்சு வாங்க நிற்கும் அந்தச் சிறு இடைவெளி நிற்காது.

எனவே பெரியவரே, அமெரிக்காக்காரனின் பாட்டு நமக்கு என்னத்துக்கு என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரு தோட்டத் தொழிலாளியின் குரலையும் ஒரு குருட்டுத் தெருப்பாடகரின் முனகலையும் பொருட்டாக மதித்து யாரோ பதிந்து வைத்தார்கள் என்பதை அறிந்துகொள்ளத்தான். இப்போது றெக்கோடரும் வேண்டாம், வெற்றுக் கஸற்றும் வேண்டாம்; பிள்ளைகளின் கையிலிருக்கும் தொலைபேசியே போதும். கவி தெரிந்தவர்கள் உங்கள் வீட்டிலோ, அடுத்த வளவிலோ இருந்தால் ஒரு பின்னேரம் பக்கத்தில் அமர்ந்து கேட்டுப் பதியுங்கள். பாடுபவரின் பெயரையும், ஊரையும், திகதியையும் தொடக்கத்தில் சொல்லிப் பதியுங்கள். அதன்மேல் வேறெதையும் பதிந்துவிடாதீர்கள்.

அப்படி ஒரு கவி வந்து சேருமானால், ஏழாம் நாளின் பாட்டாக அதையே ஒலிபரப்புவேன்.